லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு மழைக்கால இரவும்

ஆண்டு மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று யூனியன் செயலாளர் என்னைக் கேட்டபோது, காந்தி, காமராஜர், அப்துல் கலாம் எல்லோரையும் மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு விட்டார்கள். எனக்கு மிஞ்சியவர் லால் பகதூர் சாஸ்திரி. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நான் சிவில் பிரிவு, சிட்லபாக்கத்துக்காரன், தினமும் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவன். சாஸ்திரியின் வாழ்க்கையைத் திருப்பிய ஒரு ரயில், ஒரு நவம்பர் ராத்திரி நம்ம தாம்பரத்தைத் தாண்டித்தான் போயிற்று. அதனால் அவர் கதையை நான் தண்டவாளத்தின் பக்கமிருந்து சொல்லப் போகிறேன். ஜவான், கிசான் பற்றியெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

அவர் பிறந்ததே ஒரு ரயில்வே ஊரில். காசிக்குப் பக்கத்தில் முகல்சராய். பெரிய யார்டு, ராத்திரி பகல் இல்லாமல் ஷண்டிங் சத்தம் கேட்கிற ஊர். 1904 அக்டோபர் 2-ந் தேதி தாய்வழிப் பாட்டன் வீட்டில் பிறந்தார். அந்தப் பாட்டன் ஹஜாரி லால், ரயில்வே பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். அப்பா சாரதா பிரசாத் முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு அலகாபாத்தில் வருவாய்த்துறை குமாஸ்தா. பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள் அப்பா இறந்து போனார். அம்மா ராம்துலாரி தேவி பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். கொஞ்ச வருஷத்தில் பாட்டனும் போய்விட, மற்ற உறவினர்கள்தான் தாங்கினார்கள். ஆக, ரயில்வே சம்பளத்தில் அடுப்பெரிந்த வீட்டில் வளர்ந்த பையன், பிற்காலத்தில் அந்த ரயில்வேக்கே மந்திரி ஆனார்.

நம் ஊரில் பலர் சாஸ்திரி என்பதை ஜாதிப் பெயர் என்று நினைக்கிறோம். அது இல்லை. குடும்பப் பெயர் ஸ்ரீவாஸ்தவா. ஜாதியைக் காட்டுகிறது என்று அதைப் பள்ளிப் பருவத்திலேயே விட்டுவிட்டார். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவர், காசி வித்யாபீடத்தில் சேர்ந்து 1925-ல் வாங்கிய பட்டம்தான் சாஸ்திரி. நம்ம டி.சி.இ., டி.எம்.இ. மாதிரி பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற படிப்பு. அது பெயரோடு ஒட்டியே போய்விட்டது.

1928-ல் லலிதா தேவியைக் கல்யாணம் செய்தபோது வரதட்சணையாக ஒரு ராட்டையும் கொஞ்சம் கதர்த் துணியும் மட்டும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஜெயில். எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் சிறையில் கழித்திருக்கிறார். உள்ளே இருந்தபோது மேரி க்யூரியின் வாழ்க்கை வரலாற்றை இந்தியில் மொழிபெயர்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. சுதந்திரம் வந்ததும் உத்தரப் பிரதேசத்தில் போலீஸ், போக்குவரத்து இரண்டுக்கும் மந்திரி. கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சச் சொன்னவர் அவர். பஸ்ஸில் பெண்களைக் கண்டக்டராகப் போட்டவரும் அவர்தான்.

1952 மே மாதம் நேரு அவரை மத்திய ரயில்வே மந்திரி ஆக்கினார். ஐந்தடி உயரம் தாண்டினால் அதிகம் என்கிற மாதிரி ஆள், மெதுவான பேச்சு. மூன்றாம் வகுப்பு என்று ஒன்று அப்போது இருந்தது, கட்டைப் பலகை சீட்டு, மூச்சு முட்டும் கூட்டம். அந்தப் பெட்டியில் போகிறவனுக்கு மின்விசிறி வேண்டும் என்று நினைத்த மந்திரி இவர். நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2-ந் தேதி நேரு கையால் திறக்கப்பட்டதும் இவர் மந்திரியாக இருந்த காலத்தில்தான். தேதியைப் பார்த்தீர்களா? காந்தி பிறந்த நாள் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இவருடைய பிறந்த நாளும் அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் தண்டவாளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் ஓட என்ஜின் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், பாதை காலியாக இருக்க வேண்டும். பனி நாடுகளில் தண்டவாளத்தை மூடிய பனியை வழிக்க என்ஜினுக்கு முன்னால் ஏர்க்கலப்பை மாதிரி பெரிய இரும்புத் தகடு கட்டி ஓட்டுகிறார்கள். ஆளுயரம் குவிந்துவிட்டால், ராட்சச விசிறி மாதிரி சுழலும் சக்கரம் வைத்த வண்டியை விட்டுப் பனியை அறுத்து ஓரமாகத் தூக்கி எறிகிறார்கள். 1880-களில் கனடாவில் வந்த மெஷின் அது. நம் நாட்டில் காஷ்மீர் பாதையில், பனிஹால் – பாரமுல்லா பக்கம், குளிர்காலத்தில் பனி வழிக்கும் வண்டி ஓடுகிறது. தமிழ்நாட்டில் பனிக்குப் பதில் மண். ஊட்டி ரயிலில் மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாரிலிருந்து குன்னூர் வரை மலையைக் குடைந்த பாதை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் பாறையும் சேறும் மரமும் சேர்ந்து தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிடும். கடப்பாரை, மண்வெட்டியோடு ஆட்கள் ஏறிப் போய் அள்ளிக் கொட்டுவார்கள். பல நாள், சில வருஷம் பல வாரம், வண்டி ரத்து.

கண்ணில் படுகிற பாறையைக்கூட அகற்றிவிடலாம். சமவெளியில் நம் எதிரி தண்ணீர். அது பாதைக்கு மேலே வருவதைவிட அடியில் போவதுதான் ஆபத்து. பாலத்துக் கண்ணில் வைக்கோலும் மரக்கிளையும் சிக்கினால் வெள்ளம் போக வழியில்லாமல் மேல்பக்கம் மட்டம் ஏறும். ஏறின தண்ணீர் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமணலைத் தோண்டும். இல்லையென்றால் பாலம் முடிந்து மண்கரை தொடங்குகிற இடத்தைக் கரைக்கும். மேலே ஜல்லி, ஸ்லீப்பர், ரயில் எல்லாம் அப்படியே தெரியும். தண்டவாளம் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கும். ராத்திரியில் டிரைவருக்கு விளக்கு வெளிச்சத்தில் பாதை நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். கீழே ஒன்றுமே இருக்காது.

எங்கள் தெருவில் கேங்மேனாக இருந்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் தாத்தா. மழைக்கால ரோந்து என்றால் என்ன என்று அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ராத்திரி முழுக்க ஒரு ஆள் தன் எல்லைக்குள் தண்டவாளத்தோடு நடக்க வேண்டும். கையில் சிவப்பு, பச்சை காட்டுகிற விளக்கு, இடுப்பில் டெட்டனேட்டர். அது தண்டவாளத்தின் மேல் கட்டிவைக்கிற வட்ட வில்லை, என்ஜின் சக்கரம் ஏறினால் டமார் என்று வெடிக்கும். பாலத்துத் தூணில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் அதைத் தொட்டால் வண்டியை நிறுத்து என்று அர்த்தம். அரிப்பு கண்ணில் பட்டால், பிராட்கேஜில் 1,200 மீட்டர் தூரம் ஓடி, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர் கட்ட வேண்டும். வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதலில் ஓட வேண்டும். கொட்டுகிற மழையில், இருட்டில், பாம்பு பூச்சிக்கு நடுவே ஜல்லியில் ஓடுவது. தாத்தா இதைச் சொல்லும்போது ஏதோ காய்கறி வாங்கப் போன மாதிரி சொன்னார்.

இதை மனசில் வைத்துக்கொண்டு 1956-க்கு வாருங்கள்.

அந்த வருஷம் செப்டம்பர் ஆரம்பத்தில், ஐதராபாத் பக்கம் ஜட்சர்லாவுக்கும் மகபூப்நகருக்கும் இடையே ஒரு பாலம் மழை வெள்ளத்தில் வலுவிழந்து ரயிலோடு சரிந்தது. நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். சாஸ்திரி ராஜினாமா கடிதம் எழுதி நேருவிடம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. வெள்ளத்துக்கு மந்திரி என்ன செய்வார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கடிதம் திரும்பி வந்தது, சாஸ்திரி வேலையைத் தொடர்ந்தார்.

மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. நவம்பர் 22 ராத்திரி எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. அப்போது மீட்டர்கேஜ். தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகிற கார்டு லைன். வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் ஏறினவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. நானும் நீங்களும் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற அதே பாதை.

23-ந் தேதி விடிகிற நேரம். அரியலூரைத் தாண்டி, கல்லகம் ஸ்டேஷன் வருவதற்குள் மருதையாறு. கோடையில் மணல் மட்டும் தெரிகிற ஆறு. அன்று தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரி வெள்ளம். பாலத்தையும் அதையொட்டிய கரையையும் தண்ணீர் வலுவிழக்கச் செய்திருந்தது. என்ஜின் பாரம் ஏறியதும் எல்லாம் உட்கார்ந்தது. என்ஜினும் அதன் பின்னால் இருந்த ஏழு பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. தூக்கத்திலேயே முடிந்தவர்கள் எத்தனையோ பேர். இறந்தவர் எண்ணிக்கையைப் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு மாதிரி போடுகிறார்கள். 140-க்குக் குறைத்து நான் பார்க்கவில்லை.

சாஸ்திரி மறுபடி ராஜினாமா கொடுத்தார். இந்த முறை அதை ஏற்றே ஆக வேண்டும் என்று நின்றார். நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் இல்லை, ஆனால் பொறுப்பில் இருக்கிறவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இது உதாரணமாக இருக்கட்டும் என்ற பொருளில் பாராளுமன்றத்தில் பேசினார். டிசம்பர் முதல் வாரத்தோடு சாஸ்திரியின் ரயில்வே மந்திரி பதவி முடிந்தது.

இங்கே ஒரு வாதம் உண்டு. என் கூட ரயிலில் வருகிற மெக்கானிக்கல் நண்பன் பல்லாவரம் வருவதற்குள் என்னை மடக்கிவிடப் பார்ப்பான். ராஜினாமாவால் எந்தப் பாலம் பலமாயிற்று, ஆளை மாற்றினால் ஆற்றில் வெள்ளம் குறையுமா என்பான். உள்ளதைச் சொன்னால் அவன் கேள்வி நியாயம்தான். ராஜினாமா கடிதத்தை வைத்துக் கரைக்குக் கல் பதிக்க முடியாது. உட்கார்ந்து நாட்டில் இருக்கிற அத்தனை பழைய பாலத்தையும் கணக்கெடுத்திருந்தால் அதுவும் பெரிய காரியம்தான். இதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் நான் சாஸ்திரி பக்கம்தான். காரணம், பழி எந்த வழியாக இறங்கும் என்று சைட்டுக்குப் போய் வந்த நம் சீனியர்களைக் கேட்டாலே தெரியும். மேலே கிளம்புகிற பழி எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர், அசிஸ்டன்ட் இன்ஜினியர், சூப்பர்வைசர் என்று படிப்படியாக வந்து, கடைசியில் விளக்குப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தவன் தலையில் நிற்கும். அவனுக்குக் கீழே தள்ளிவிட ஆள் இல்லை. சாஸ்திரி அந்தத் தண்ணீரை எதிர்ப்பக்கம் ஓட விட்டார். மகபூப்நகரில் ஒரு தடவை எச்சரிக்கை வந்தாயிற்று, அதே மழை, அதே மாதிரி பாலம், மூன்று மாதத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல அவர் தயாராக இல்லை. எனக்குப் புரிகிற வரையில், அவரை உறுத்தியது அந்த இரண்டாவது தடவைதான். நாளைக்கு நாம் டிப்ளமோ முடித்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் நிற்கப் போகிறவர்கள். மெஷர்மென்ட் புக்கில் போடுகிற கையெழுத்துக்கும் இப்படி ஒரு இரவு வரலாம்.

இந்தக் கதையில் நம்ம மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு. ரயில்வே துணை மந்திரியாக இருந்த ஓ. வி. அழகேசன், செங்கல்பட்டு எம்.பி. தாம்பரமும் சிட்லபாக்கமும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். 1957 தேர்தலில் அரியலூரை அவர் பெயரோடு சேர்த்துக் கோஷம் போட்டார்கள். இன்றைக்கும் வயதானவர்கள் சிலருக்கு அந்த வரி மனப்பாடம். அழகேசன் தோற்றார். அதே தேர்தலில் சாஸ்திரி அலகாபாத்தில் ஜெயித்து மறுபடி மந்திரி ஆனார்: போக்குவரத்து, பிறகு வணிகம், 1961-ல் உள்துறை. அழகேசனும் 1962-ல் ஜெயித்துத் திரும்பினார். பதவி விட்டவர் மேலே போனார், விடாதவர் தோற்றார் என்று சிலர் இதைக் கதையாக்குவார்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இவர்கள் இருவர் பெயரும் இன்னொரு முறை சேர்ந்து வருகிறது.

1964 ஜூன் 9-ல் சாஸ்திரி பிரதமர். அந்த டிசம்பரிலேயே தமிழ்நாட்டு ரயில் பாதையில் மறுபடியும் தண்ணீர். 22-ந் தேதி நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அலையில் மூழ்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் 146 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. தனுஷ்கோடிக்குப் போன பாதை அதோடு சரி, அந்த ஊரே போய்விட்டது. பாலத்தை மட்டும் விடவில்லை. பொறுப்பை இ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியரிடம் கொடுத்தார்கள். கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீனவர்கள் உதவியோடு கண்டுபிடித்து, தூக்கி, பழையபடி வைத்து, 46 நாளில் ரயிலை விட்டார். கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர் என்று நாம் படிக்கிற அதே ஸ்ரீதரன்தான். தண்டவாளத்திலிருந்து குப்பை அகற்றுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நம் சிலபஸில் கிடையாது.

பாம்பனில் கர்டர் தூக்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், 1965 ஜனவரி, பிப்ரவரியில், தமிழ்நாடு இந்தி எதிர்ப்பில் பற்றி எரிந்தது. முன்னால் நின்றவர்கள் மாணவர்கள். துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, எத்தனை உயிர்கள். பிரதமர் சாஸ்திரி. இதைத் தவிர்த்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத என்னால் முடியாது. டெல்லி இங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள அதிக நாள் எடுத்துக்கொண்டது என்பதே என் எண்ணம். பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் அழகேசனும் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். ஆமாம், அதே அழகேசன். ராஜினாமாவை வாங்கிக்கொள்கிற இடத்தில் இப்போது சாஸ்திரி. ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் அதை ஏற்கவில்லை. பிப்ரவரி 11-ந் தேதி சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று உறுதி சொன்னார். அவர் அதுவரை போன பாதையிலிருந்து பின்னால் வந்த இடம் அது.

அந்த வருஷமே பாகிஸ்தானோடு போர். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. போர் முடிந்து சமாதானம் பேச சோவியத் யூனியனின் தாஷ்கண்டுக்குப் போனார். நடுக்குளிர் காலம். 1966 ஜனவரி 10-ந் தேதி உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார். அன்று நள்ளிரவு தாண்டியதும் மாரடைப்பு, அங்கேயே இறந்தார். வயது 61. பிரதமராக இருந்தது பத்தொன்பது மாதம். வீட்டார் கேட்டார்களே என்று பிரதமர் ஆன பிறகு வாங்கிய ஃபியட் காருக்கு பாங்க் கடன் 5,000 ரூபாய் மிச்சம் இருந்தது. லலிதா தேவி பிறகு அதைக் கட்டினார்.

முகல்சராய் ஸ்டேஷனுக்கு 2018-ல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அரியலூர் வழிப் பாதை இப்போது பிராட்கேஜ், இரட்டை லைன், கரண்ட் வண்டி. மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து அங்கேயும் உண்டு, நம்ம பக்கமும் உண்டு. நடக்கிறவர் கையில் இப்போது ஜி.பி.எஸ். கருவியும் கொடுத்திருக்கிறார்கள், எங்கே நிற்கிறார் என்று ஆபீஸில் உட்கார்ந்தே பார்க்கலாம். விளக்கும் டெட்டனேட்டரும் அப்படியே இருக்கின்றன என்று தாத்தா சொல்கிறார்.